முதல் தடவையாளர் மன்னிப்புப் பிரிவு

"பையில இருந்துச்சுன்னே சொல்லிடறேன்."

"தலையில இருந்ததைத் தலையிலன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன அண்ணி..."

"பையில போட்டேன். திருடினேன். முடிஞ்சுது. திருடின்னே எழுதிக்கட்டும்."

"...என்ன குறைஞ்சு போயிடும்னுதான் கேக்கறேன்!"

"மெதுவாப் பேசேன். பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டுமே! நீங்க திருடலைன்னுதானே கத்தறேன்?"

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி பட்டாம்பூச்சின்னு ஒண்ணு சொல்றே பாரு, அதைத்தான் வேண்டாங்கறேன்."

நாத்தனாருக்கு மெதுவாகப் பேச வராது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். உப்புப் போதவில்லை என்று அவள் சொன்னால் தெருமுனையில் நிற்பவர்கூட இரண்டாம் நடைமேடைக்கு நகர்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் போன பிறகு அண்ணியோடேயே இருந்துவிட்டாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள் என்பது, இருவரும் வெளியூர் போயிருந்தால் மட்டுமே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியக்கூடிய விஷயம்.

அண்ணிக்குப் பொது நூலகத்தில் வேலை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிறவர்களின் பையை வாங்கி வைத்து வில்லை கொடுப்பாள். வெளியே வருகிறவர்களின் கையையும் கக்கத்தையும் பார்ப்பாள். சட்டைக்குள் போன அகராதியை நடையை வைத்தே கண்டுபிடிப்பாள். ஊரில் அவளுக்குப் பைக்காரம்மா என்றே பெயர். அந்தப் பைக்காரம்மாதான் போன மாதம் பல்பொருள் அங்காடி ஒன்றின் வாசலில், மணி அலற, விளக்கு சுழல, களவும் கையுமாகப் பிடிபட்டாள். கை காலியாக இருந்தது. களவு கொண்டையில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சோப்பு வாங்கப் போனாள். வழியில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் சிறுமிகள் வைத்துக்கொள்ளும் கிளிப்புகள். நீல நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி, தொட்டால் சிறகு ஆடியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கொண்டையில் குத்திக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதற்குள் யாரோ, "அம்மா, இந்த சோப்பு எங்க இருக்கு?" என்று கேட்க, கூட்டிப்போய்க் காட்டினாள். அவர்களுக்கு எது நல்லது என்று விளக்கினாள். தானும் ஒன்று எடுத்தாள், காசு கொடுத்தாள், ரசீது வாங்கினாள், விலைச்சீட்டு பின்கழுத்தில் ஊஞ்சல் ஆட, உலகத்திலேயே நேர்மையான பெண்மணியின் நடையில் வாசலைத் தாண்டினாள்.

ஊரார் பையையெல்லாம் துழாவினவளுக்குத் தன் தலையில் இருப்பது தெரியவில்லை. இதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதை விட்டு இப்போது நாளாகிவிட்டது. வழக்கில் அவளுக்கு எதிரான முக்கியச் சான்றே அந்தச் சிரிப்புதான்.

"கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சிருக்கீங்க மேடம்," என்றார் அங்காடி மேலாளர், முகம் மட்டும் தெரிந்த கேமராப் படத்தைக் காட்டி. "எங்க நிறுவனத்துக்குத் தனி மனுஷங்க மேல எந்தக் கோபமும் கிடையாது. வாடிக்கையாளர் எங்க குடும்பம். குடும்பத்துல ஒருத்தரைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறப்ப எங்களுக்கு எவ்வளவு வலிக்கும்னு நீங்க யோசிக்கணும்."

"நான் வேணும்னு எடுக்கலீங்க."

"அப்ப ஏன் சிரிச்சீங்க? வாங்கறவங்க யாருமே இங்க சிரிக்கறதில்லை. விலையைப் பார்த்தா எப்படிம்மா சிரிப்பு வரும்?"

அவள் சோப்பு ரசீதை எடுத்து நீட்டினாள்.

அங்காடிக் காவலாளி எழுதிய புகாரில், "உடலின் மேற்பகுதியில் மறைத்து எடுத்துச் சென்றார்" என்று இருந்தது. தலையும் உடலின் மேற்பகுதிதானே என்றான் அவன். பைக்காரம்மாவுக்கு அந்த வரி ஒரு பெரிய ஆறுதல். எங்கேயும் தலை என்று இல்லை. பட்டாம்பூச்சி என்று இல்லை. "முடி அலங்காரப் பொருள், ஒன்று." அவ்வளவுதான். இந்த வயதில் நீலப் பட்டாம்பூச்சி வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள் என்பதைவிடத் திருடினாள் என்பது எவ்வளவோ கௌரவம்.

"நீங்களும் உங்க கௌரவமும்," என்றாள் நாத்தனார், நூலக வாசல்வரை கேட்கும்படி.

நூலக வாசலில்தான் உண்மையான கவலை இருந்தது. தலைமை நூலகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கும்மா. அதனாலதான் வில்லைப் பெட்டிச் சாவியைக் கேக்கறேன். நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட நான் எதையும் கேக்கறதே இல்லை."

"அப்ப வேலை?"

"வேலை உங்களுதுதான். ஸ்டூல்தான் தற்காலிகமா என் மச்சினனுது. நீங்க முதல் தடவைக்காரங்கன்னு மன்னிப்புப் பிரிவுல இருந்து தாள் வாங்கிட்டு வந்துடுங்க. மறுநாளே உட்காரலாம். தண்டனைன்னு ஏதாவது ஆச்சுன்னா மட்டும், பாவம், மச்சினனை நிரந்தரம் பண்ண வேண்டியிருக்கும். அவனுக்கு அதுல விருப்பமே இல்லை. ரொம்பக் கஷ்டப்பட்டுதான் சம்மதிக்க வெச்சேன்."

வெளியே வரும்போது பார்த்தாள். மச்சினன் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்திருந்தான். ஒருவர் இரண்டு கலைக்களஞ்சியங்களை வயிற்றில் சுமந்து, நிறைமாதக்காரர் போலச் சாய்ந்து நடந்து வெளியே போனார். மச்சினன் பக்கத்தைத் திருப்பினான்.

அன்றைக்குத்தான் அவள் உண்மையாகவே அழுதாள். நாத்தனாருக்கு வந்த ஓய்வூதியம் மருந்துக் கடைக்கே நேராகப் போய்விடும். வீடு ஓடுவது ஸ்டூலில். அதைவிட, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவளை ஊரில் நாலு பேர் பார்த்துப் பயந்தார்கள்.

முதல் தடவையாளர் மன்னிப்புப் பிரிவு, நீதிமன்ற வளாகத்தின் பின்கட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. சுவரில், "தவறுவது மனிதம், ஒப்புக்கொள்வது கட்டாயம்" என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதன் தலைவரான திருத்த அதிகாரி மிகவும் அன்பானவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார். பொருளை எடுத்த கை எது என்று முதலில் கேட்டுக்கொண்டு, மற்றதைப் பிடிப்பார்.

"சொல்லுங்கம்மா. என்ன திருடினீங்க?"

நாத்தனார் குறுக்கே வந்தாள். "திருடலீங்க. மறந்து போய்..."

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "மறதியா? மறதிக்கு இங்க பிரிவு இல்லையேம்மா. இது மன்னிப்புப் பிரிவு. திருடினவங்களைத்தான் மன்னிக்க முடியும். திருடாதவங்களை மன்னிக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப திருடாதவங்க எங்க போறது?"

"நேரா கோர்ட்டுக்கு. வக்கீல் வெச்சு, வாதாடி, வருஷக்கணக்கா நிரபராதின்னு நிரூபிக்கணும். பாதிப் பேர் அதுலயே உள்ள போயிடறாங்க. திருடினேன்னு ஒப்புக்கிட்டா, பத்தே நாள் வகுப்பு. சுத்தமான ஆளா வெளிய வரலாம். நான் வற்புறுத்தலை. உண்மையைத்தான் சொல்லணும். எந்த உண்மைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பைக்காரம்மா யோசிக்கவே இல்லை. "திருடினேங்க," என்றாள்.

"அண்ணி!"

"பையில போட்டுத் திருடினேங்க."

அதிகாரி அவள் இடது கையை இரண்டு கைகளாலும் அழுத்தினார். அவர் கண் கலங்கிவிட்டது. "இந்த வாரத்துல வந்த முதல் நேர்மையான ஆள் நீங்கதாம்மா," என்றார்.

வகுப்புக்கு வருத்தப் பயிற்சி என்று பெயர். ஆளுக்கொரு நாற்காலி. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு சோப்பு, ஒரு சீப்பு, ஒரு சாக்லேட். ஒவ்வொருவராகப் போய் அவற்றின் முன் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். சோப்பிடம் கேட்பது முதல் நிலை. கடை முதலாளியை மனத்தில் நிறுத்திக் கேட்பது இரண்டாம் நிலை. நாட்டின் பொருளாதாரத்தை நினைத்துக் கேட்பது மூன்றாம் நிலை. அந்த நிலைக்கு இதுவரை யாரும் போனதில்லை என்றார் அதிகாரி.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டார்ச் பேட்டரி திருடியவர். உண்மையாகவே திருடியவர். வகுப்பிலேயே அவர் ஒருவர்தான் அப்படி என்பது போகப்போகத் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் மறந்தவர்கள், தடுமாறியவர்கள், குழந்தை எடுத்து வண்டியில் போட்டதைக் கவனிக்காதவர்கள். எல்லாரும் திருடினேன் என்று அழகாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேட்டரிக்காரரால் மட்டும் தேற முடியவில்லை. மூன்றாவது தடவையாக முதல் வகுப்பிலேயே இருந்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் அதிகாரி. "பேட்டரியை எடுத்ததுக்கு வருத்தப்படறீங்களா?"

"படறேன் சார்."

"ஏன்?"

"அது வேலை செய்யலை சார்."

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஏன்யா பொய் சொல்ல வர மாட்டேங்குது? இங்க எல்லாரும் எவ்வளவு உண்மையா வருத்தப்படறாங்க, பாருங்க!"

பைக்காரம்மாவின் முறை வந்தது. எழுந்து சோப்பின் முன் நின்றாள். என்ன சொல்வது? திருடினால்தானே திருடியவளின் பேச்சு வரும்? அப்போது அவளுக்கு நூலக வாசல் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக அவள் ஸ்டூலுக்கு முன்னால் நின்று எத்தனை பேர் கையைப் பிசைந்திருக்கிறார்கள்! 'அந்த நிமிஷம் நான் நானா இல்லைம்மா' என்று சட்டைக்குள்ளிருந்து சமையல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர். 'என் கை தானாப் போச்சு, நான் பின்னாலேயே போனேன்' என்றவள். 'இதைத் திருப்பி வைக்கத்தான் வெளிய எடுத்துட்டுப் போனேன்' என்ற பேராசிரியர். எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தாள்.

"அந்த நிமிஷம் நான் நானா இல்லீங்க. என் கை தானாப் போச்சு. நான் பின்னாலேயே போனேன்..."

குரல் ஏறி இறங்கியது. ஆனால் கண்ணீர் வரவில்லை. கண்ணீர் இல்லாவிட்டால் பாதி மதிப்பெண்தான். அவள் கண்ணை மூடி ஸ்டூலை நினைத்துக்கொண்டாள். ஸ்டூலில் விரித்த செய்தித்தாளை நினைத்துக்கொண்டாள். அதன் பின்னாலிருந்து வந்த கொட்டாவியை நினைத்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சோப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வகுப்பு முழுவதும் அழுதது. கீழே ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

பேட்டரிக்காரர் அவள் காதருகே வந்து, "எப்படிம்மா இது? எத்தனை வருஷப் பழக்கம்?" என்று மரியாதையோடு கேட்டார்.

அன்றிலிருந்து அவள்தான் வகுப்பின் முன்மாதிரி. மூன்றாம் நிலையை எட்டிய முதல் ஆள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அதிகாரி, "அம்மா, கொஞ்சம் வருத்தப்பட்டுக் காட்டுங்க" என்பார். அவளும் பட்டுக் காட்டுவாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசியில் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், "என் கை தானாப் போச்சு" என்று ஆரம்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"முதல்ல திருட்டு, இப்ப நடிப்பா?" என்றாள் நாத்தனார். "உங்களை இப்ப நாடகக் கம்பெனியிலதான் சேர்க்கணும். தலையில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை..."

"அதை விடு."

"...ஒரே ஒரு வார்த்தை!"

"இன்னும் கொஞ்ச நாள். தாள் வந்துடும். மச்சினன் எந்திரிச்சுடுவான்."

தாளில் கையெழுத்திட வேண்டியது நீதிபதி. அது வெறும் சம்பிரதாயம் என்றார் அதிகாரி. எழுந்து நிற்க வேண்டும், வருந்த வேண்டும், கும்பிட்டுவிட்டு வர வேண்டும்.

நீதிபதி பெருந்தன்மையான மனிதர். பேச ஆரம்பித்தால் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "இந்த நீதிமன்றம் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காது," என்று தொடங்கினார். "இங்கே சான்று மட்டும்தான். ஆனால் வருத்தம் என்பது உணர்ச்சி இல்லை. அது ஒரு நடைமுறை. நடைமுறையை நீதிமன்றம் மதிக்கும். எங்கே, வருந்துங்கள்."

அவள் வருந்தினாள். அன்றைக்கு அமைந்ததுபோல் என்றைக்கும் அமைந்ததில்லை. கடைசி பெஞ்சில் வேறு வழக்குக்கு வந்திருந்தவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். டவாலிச் சேவகர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி, பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கும் தகப்பனைப்போல் நின்றார்.

அரசு வக்கீல் மட்டும் எழுந்தார். அடர்த்தியான, ஒரு முடிகூடக் கலையாத தலைமுடி அவருக்கு. அதை ஒருமுறை தொட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஐயா, இந்தத் தொழில்ல எவ்வளவோ அழுகையைப் பார்த்திருக்கேன். முதல் தடவையாத் திருடறவங்களுக்கு இப்படி அழ வராது. திக்குவாங்க, மறுப்பாங்க, ஏதாவது உளறுவாங்க. இந்த அம்மா பேசினதுல ஒரு இடத்துல தடங்கல் இருந்துதா? 'என் கை தானாப் போச்சு'ன்னு சொன்னப்ப எங்க நிறுத்தினாங்க, கவனிச்சீங்களா? இது பழகின கை. பழகின வாய். இது முதல் தடவையா இருக்க வாய்ப்பே இல்லை."

"அது எங்க பயிற்சியோட தரம்!" என்று அதிகாரி துள்ளினார். "ஒவ்வொரு சொல்லும் நாங்க சொல்லிக் குடுத்தது!"

"அப்படின்னா வருத்தம் உங்களுது. அவங்களுது எங்க?"

நீதிபதி தாடையைத் தடவினார். "வருத்தம் அதிகாரியுடையது என்றால் குற்றமும் அவருடையதாக இருக்க வேண்டுமே. அதிகாரி, நீங்கள் அந்தக் கடைக்குப் போயிருக்கிறீர்களா?"

"சோப்பு வாங்கத்தான் ஐயா, வகுப்புக்கு..." என்று அதிகாரி பின்வாங்கி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் யார் கையையும் பிடிக்கவில்லை.

"சரி," என்றார் நீதிபதி. "முதல் தடவை என்பதற்குச் சான்று வேண்டும். ஆவண எழுத்தரே, இவர் பேரில் முந்தைய திருட்டு ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று சான்று கொடுங்கள்."

"ஒரு திருட்டாவது இருந்தா, அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு குடுக்கலாம் ஐயா. எதுவுமே இல்லாதவங்க பேர் எங்ககிட்ட இருக்காது. இல்லாத பேருக்கு எப்படிச் சான்று குடுக்கறது?"

"ஆக, முன்பு ஒருமுறை திருடியிருந்தால் இவரை முதல் தடவைக்காரர் என்று நிரூபித்திருக்கலாம்," என்றார் நீதிபதி வருத்தத்தோடு. "அம்மா, நன்றாக யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் ஏதாவது?"

பைக்காரம்மா நீதிபதியைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். கூண்டுக்கு வெளியே நின்ற நாத்தனார், 'தலை' என்று வாயசைத்தாள். அவள் வாயசைத்ததே எல்லாருக்கும் கேட்டது.

ஸ்டூல் போய்க்கொண்டிருந்தது. கண்ணெதிரில், ஒவ்வொரு காலாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, நான் திருடலை. அது என் தலையில இருந்துச்சு."

"எது?"

"பட்டாம்பூச்சிங்க. கிளிப்பு. நீலம். சின்னப் பிள்ளைங்க வெச்சுக்கறது. தொட்டா ரெக்கை ஆடும்."

அத்தனை நாள் அழுதபோது இல்லாத நடுக்கம் இப்போது அவள் குரலில் வந்தது. திக்கினாள். உளறினாள்.

"கண்ணாடி இருந்துச்சு. வெச்சுப் பார்த்தேன். ஒரு... ஒரு ஆசைதான். அப்புறம் ஒருத்தங்க சோப்பு கேட்டாங்க. மறந்துட்டேன்."

"இதை ஏன்மா வகுப்புல சொல்லலை?" என்று அதிகாரி கதறினார்.

"வெக்கமா இருந்துச்சுங்க."

"திருடினேன்னு சொல்ல வெக்கமா இல்லையா?"

"அதுக்கு இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் உதடு துடித்தது. ஆனால் முன்பு ஒரு சிரிப்பு படுத்திய பாட்டை நினைத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அரசு வக்கீல் சிரிக்கவில்லை. "தலைமேல ஒண்ணு இருக்கறதை மனுஷங்களால மறக்க முடியுமா ஐயா? நான் அடிச்சுச் சொல்றேன், முடியாது. காத்து அடிச்சா நினைப்பு அங்க போகும். யாராவது சிரிச்சா நினைப்பு அங்க போகும். குனிஞ்சா, நிமிர்ந்தா, தூங்கினா..." என்று சொல்லிக்கொண்டே போனவர், மன்றம் முழுவதும் தன் தலைமுடியையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "பொதுவாச் சொல்றேன்," என்று உட்கார்ந்தார்.

நீதிபதி நிமிர்ந்தார். அவர் முகத்தில் அபூர்வமான ஒளி வந்தது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது சோதித்தறிய வேண்டிய விஷயம். சான்றுப் பொருளை இவர் தலையில் பொருத்துங்கள். இவர் மறக்கிறாரா என்று நீதிமன்றம் பார்க்கும். மறந்துவிட்டால் விடுதலை. நூலகத்துக்கும் தாள் போகும். மறக்காவிட்டால், மறதி என்பது பொய். தண்டனை."

சான்றுப் பொருளைக் குற்றம் சாட்டப்பட்டவர் தொடக் கூடாது என்பதால் டவாலி வந்து பொருத்தினார். வாழ்நாளில் அவர் யாருக்கும் கிளிப்பு குத்தியதில்லை. "கொஞ்சம் இடது பக்கம்," என்று நாத்தனார் அங்கிருந்தே அறிவித்தாள். பட்டாம்பூச்சி உட்கார்ந்தது. அதிலிருந்து இப்போது விலைச்சீட்டுக்குப் பதிலாக நீதிமன்றச் சீட்டு தொங்கியது.

பைக்காரம்மா உட்கார்ந்து மறக்க முயன்றாள். கண்ணை மூடி மறந்து பார்த்தாள். கூரையைப் பார்த்து மறந்து பார்த்தாள். ஸ்டூலை நினைத்தால் ஸ்டூலின்மேல் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுத்தர் எழுந்து வந்து கேட்டார். "அம்மா, மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க."

அவர் எழுதிக்கொண்டு போவார். மறுபடி வருவார். "இப்ப?"

"மறக்கப் பார்த்தேன். நீங்க வந்துட்டீங்க."

வேறு வழக்குகள் வந்தன, போயின. மதியம் ஆயிற்று. "சோதனை இடைவேளைக்குப் பின் தொடரும்," என்று நீதிபதி எழுந்தார். எழுத்தர் சாப்பாட்டுப் பையோடு போனார். வக்கீல் ஒரு கையால் தலையைத் தொட்டுக்கொண்டே போனார். டவாலி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மறந்துட்டீங்களான்னா, 'எதை'ன்னு கேக்க வேண்டியதுதானே?" என்றாள் நாத்தனார். "'எதை'ன்னு ஒரு வார்த்தை! இந்நேரம் வீட்டுல இருந்திருப்போம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அடேயப்பா! பத்து நாளா சோப்பைக் கட்டிக்கிட்டு அழுதது என்னவாம்?"

"அது பயிற்சி."

"நல்ல பயிற்சி. நான் காலையில இருந்து ஒரு வாய் காபிகூட குடிக்கலை உங்களால. அடுப்புல வெச்ச பாலை அப்படியே..."

அவள் குரல் நின்றது. ரயில் நிலையத்திலேயே அவள் குரல் அப்படிப் பாதியில் நின்றதில்லை.

"அப்படியேன்னா?" என்றாள் பைக்காரம்மா.

"அணைச்சேன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறியா?"

"நீங்கதானே கிளம்பு கிளம்புன்னு உயிரை எடுத்தீங்க!"

"பால் வெச்சியா, இல்லையா?"

"வெச்சேன்."

"அணைச்சியா?"

"அதைத்தான் சொல்றேன், அணைச்சேன்னுதான்..."

பைக்காரம்மா எழுந்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். தாழ்வாரத்தில் அவள் கால் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்னால் நாத்தனார், "ஜன்னல் திரைச்சீலை பக்கத்துலதானே அண்ணி அடுப்பு" என்று மூச்சிரைக்க அறிவித்துக்கொண்டே வந்தாள். பால் வற்றியிருக்கும். பாத்திரம் கருகியிருக்கும். புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து, ஊரே கூடி நிற்கும். வாடகைக்கு இருக்கும் வீடு. பைக்காரம்மாவின் கண்ணுக்கு முன்னால் திரைச்சீலையின் ஓரம் மெல்லச் சுருங்கிக் கருகத் தொடங்கியிருந்தது. வேறொன்றும் அவள் மனத்தில் இல்லை.

வளாகத்தின் வாசலில் பைகளைச் சோதிக்கும் பெண் காவலர் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். பைக்காரம்மா பையைக் கொடுத்தாள். அவ்வளவு பதற்றத்திலும் அவளுடைய தொழில் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காவலர் மேல் ஜிப்பைத் திறந்தாள், சரி. பக்கவாட்டுப் பையைப் பார்த்தாள், சரி. அடியில் கை விட்டுத் தடவவில்லை. நானாக இருந்தால் தடவியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம்மா, அடுப்பு," என்றாள்.

"ஆச்சும்மா, ஒண்ணும் இல்லை. போங்க."

பையை வாங்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். ஒரு காலைத் தெருவில் வைத்து, ஆட்டோவுக்குக் கையையும் தூக்கிவிட்டாள். பின்னாலிருந்து அந்தக் காவலர் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"சீட்டைக்கூட இன்னும் கழட்டலை போலிருக்கே! ரொம்ப அழகா இருக்கும்மா உங்களுக்கு. எங்க வாங்குனீங்க?"